திங்கட்கிழமை வயிற்றுவலி

டைம்டேபிள் பார்த்து வரும் வியாதி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு லேசாகத் தலைகாட்டும். திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு முனகல். ஏழரைக்கு உச்சகட்டம். எட்டு இருபதுக்கு ஸ்கூல் வேன் தெருமுனை திரும்பி மறைந்ததும் மெல்ல இறங்க ஆரம்பிக்கும். எட்டரைக்கு பேஷண்ட் எழுந்து உட்கார்ந்து, "அம்மா... தோசைக்குத் தொட்டுக்க என்ன?" என்பார். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. வேன் போனதே மருந்து!

இந்த வியாதி சனி, ஞாயிறில் யாரையும் தாக்கியதாக எங்கள் அபார்ட்மென்ட் சரித்திரத்தில் இல்லை. தீபாவளி லீவில் கிடையாது. மே மாதத்தில் கிருமி ஊட்டிக்குப் போய்விடும் போலிருக்கிறது. ஸ்கூல் திறந்த இரண்டாவது வாரம் 'டாண்' என்று ஆஜர்.

எனக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு மகன் இருக்கிறான். இந்தக் கட்டுரை எழுத அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகியிருக்காது. பரவாயில்லை ஸார், பக்கத்தைக் கிழித்து எல்.ஐ.சி. பாலிஸியோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு வருஷத்தில் தேவைப்படும்.

மட்டம் போடுவது நேற்று வந்த கலை அல்ல. எங்கள் காலத்தில் வெங்காயம்தான் பிரதான ஆயுதம். உரித்த வெங்காயத்தை அக்குளில் வைத்துக்கொண்டு ராத்திரி பூராப் படுத்திருந்தால் காலையில் ஜுரம் கொதிக்கும் என்பது, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே எல்லா ஊர் ஸ்கூல்களிலும் பரவியிருந்த ஞானம். என் பெரியப்பா பையன் ஒருவன் முழு மூச்சாக இதைச் செய்து பார்த்தான். ஜுரம் வரவில்லை. வாசனைதான் வந்தது. பெரியம்மா போர்வையை விலக்கி மோப்பம் பிடித்து, "ஏண்டா, சாம்பாருக்கு வாங்கின வெங்காயம் இங்கயா இருக்கு?" என்று கேட்டதோடு அந்தப் பரிசோதனை முடிந்தது.

1982-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஈ.டி.' படத்தில், வீட்டில் ஒளித்து வைத்திருக்கும் வேற்றுக்கிரக விருந்தாளிக்குத் துணையிருப்பதற்காக, பையன் தெர்மாமீட்டரை பல்பில் காட்டிச் சூடேற்றுவான். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஒருத்தன் தெர்மாமீட்டரைக் காபி டம்ளரில் முக்கினான். பாதரசம் 108 வரை எகிறிவிட்டது. (இப்போதென்றால் பயந்துபோய் அதே நம்பரை போனில் அழுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். அப்போது அவன் அம்மா விளக்குமாற்றை எடுத்தாள்.)

இன்றைய பிள்ளைகள் இன்னும் ஒரு படி மேலே. 2021-ல் இங்கிலாந்தில், கொரோனா டெஸ்ட் பட்டையில் ஆரஞ்சு ஜூஸையும் கோலாவையும் சொட்டவிட்டு 'பாஸிட்டிவ்' வரவழைத்து லீவு வாங்கினார்கள் பள்ளி மாணவர்கள். ஜூஸிலுள்ள அமிலம் பட்டையில் இருக்கும் புரதங்களைக் குழப்ப, இரண்டாவது கோடு பளிச்சென்று வந்துவிடுகிறதாம். கெமிஸ்ட்ரி பரீட்சைக்குப் பயந்து கெமிஸ்ட்ரியிலேயே சாதித்தவர்கள்!

இவர்களுக்கெல்லாம் தாத்தா, 1876-ல் மார்க் ட்வெய்ன் எழுதிய 'டாம் ஸாயர்'. அவனுக்கும் திங்கட்கிழமைதான் எமன். கால்விரல் அழுகிவிட்டது என்று முனகுவான். பாலி சித்தி நம்பவில்லை என்றதும், ஆடிக்கொண்டிருக்கும் பல் வலிக்கிறது என்று கட்சி மாறுவான். சித்தி அசரவில்லை. பல்லில் பட்டு நூலைக் கட்டி, மறுமுனையைக் கட்டிலில் கட்டி, முகத்துக்கு நேரே ஒரு கொள்ளிக்கட்டையை நீட்ட, பையன் பின்னால் துள்ள, பல் நூலில் தொங்கும். ஸ்கூலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தப் பல் சந்து வழியாகப் புது ஸ்டைலில் எச்சில் துப்பி மற்ற பையன்களைப் பொறாமைப்பட வைப்பான் என்பது தனிக் கதை.

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? இந்தியா ஆடும் ஒன்டே மேட்ச் அன்று எங்கள் செக்ஷனில் நாலு பேருக்கு வைரல் ஃபீவர் வந்தது. மேனேஜருக்கு போன் செய்யும்போது குரலை எப்படி அரை ஸ்தாயி இறக்க வேண்டும், எந்த இடத்தில் இரும வேண்டும் என்பதெல்லாம் நம் ஆட்களுக்கு அத்துப்படி. ஒரு நண்பர் போனைப் படுத்துக்கொண்டுதான் பேசுவார். அப்போதுதான் தொண்டையில் 'எஃபெக்ட்' வருமாம்.

ஆனால் நமக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். நமக்கு காஷுவல் லீவ் என்று ஒன்று இருக்கிறது. மனசு சரியில்லையா, மச்சினிக்கு வளைகாப்பா, சும்மா கூரையைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டுமா... எடுத்துக்கொள்ளலாம். எட்டு வயசுப் பையனுக்கு அது கிடையாது. "இன்னிக்கு எனக்கு முடியலை, நாளைக்குப் போறேன்" என்று அவன் சொன்னால் எந்த வீட்டில் எடுபடும்? அவனிடம் இருப்பது சிக் லீவ் ஒன்றுதான். அதைத்தான் எடுக்கிறான்.

சரி, நிஜமா நடிப்பா என்று கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் ஏரியா குழந்தை டாக்டரிடம் இதைக் கேட்டேன். கிளினிக்கில் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தை வருஷக்கணக்காகப் பார்த்தவர்.

"எங்க வலிக்குதுன்னு ஒரு விரலால காட்டச் சொல்லுங்க ஸார். தொப்புள் மேலயே வச்சா கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம். தொப்புளை விட்டுத் தள்ளிப் போகப் போக நான் உஷாராயிடுவேன்."

இது அவருடைய சொந்தச் சரக்கல்ல. ஜான் ஆப்ளி என்று ஒரு பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் சொன்ன விதி. பிரிஸ்டல் பகுதியில் ஆயிரம் பள்ளிக் குழந்தைகளைப் பார்த்து ஆப்ளியும் இன்னொரு டாக்டரும் 1958-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுவலி வருவது தெரிந்தது. அப்படி வலிக்கும் குழந்தைகளில் குடலிலோ சிறுநீரகத்திலோ கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது மிகச் சிலருக்குத்தான். இதைப் படித்துவிட்டு, 'ஆஹா, மிச்சப் பேரெல்லாம் டூப்பு!' என்று குதிக்கக் கூடாது. வலி வயிற்றில்தான், ஆரம்பித்த இடம்தான் வேறு என்பது டாக்டரின் வாதம். மூளைக்கும் குடலுக்கும் நடுவே நரம்புகள் வழியாக ஓயாமல் தந்தி ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே பயம் என்றால் கீழே முறுக்கும். முதல் இன்டர்வியூ அன்று நீங்கள் எத்தனை தடவை பாத்ரூமுக்கு ஓடினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அது நடிப்பா?

ஆகவே நாமே ஜட்ஜாக உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். தெர்மாமீட்டரில் 100.4-ஐத் தொட்டால் ஜுரம், பேச்சே இல்லை. வலியால் தூக்கத்திலிருந்து எழுந்து அழுகிறது, வாந்தி நிற்கவில்லை, வாந்தி பச்சையாக வருகிறது, மோஷனில் ரத்தம், எடை குறைகிறது, வலி தொப்புளிலிருந்து நகர்ந்து வலது அடிவயிற்றுக்குப் போகிறது, நடந்தாலோ குதித்தாலோ வலி கூடுகிறது... இதில் எது இருந்தாலும் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். ஸ்கூலில் டெஸ்ட் இருக்கும் அதே நாளில் அப்பென்டிக்ஸும் வரலாம். அதற்கு டைம்டேபிள் தெரியாது.

இது எதுவும் இல்லை, கார்ட்டூன் போட்டால் வலி நிற்கிறது, அணைத்தால் வருகிறது என்றால்... அப்போதுதான் கதையே ஆரம்பிக்கிறது.

*

எனக்குப் பக்கத்து ஸீட் நண்பரின் மகள் நாலாம் வகுப்பு. நல்லாப் படிக்கும் பெண். போன வருஷம் திடீரென்று தினமும் வயிற்றுவலி. முதலில் ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. "எல்லாம் நடிப்பு"ன்னு வீட்டில் தீர்மானமாகிவிட்டது. நண்பர் ஆபீஸில் வந்து பெருமையோடுதான் சொன்னார்: "இன்னிக்கு அழ அழ வேன்ல ஏத்திட்டேன். விடக் கூடாதுங்க. ஒருநாள் விட்டா தலைமேல ஏறிடும்."

அந்தப் பெண் காலையில் பால் குடிப்பதை நிறுத்தியது. வாட்டர் பாட்டில் போனபடியே திரும்பி வந்தது. நண்பரின் மனைவிதான் முதலில் அதைக் கவனித்தார். ஒருநாள் சாயந்திரம் வேனிலிருந்து இறங்கிய பெண், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக பாத்ரூமுக்கு ஓடுவதையும் கவனித்தார்.

மெதுவாக விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஸ்கூல் டாய்லெட்டில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இன்னொன்றில் தண்ணீர் இல்லை. ஒருநாள் பெரிய கிளாஸ் பெண்கள் சிலர் விளையாட்டுக்குக் கதவைத் தள்ளித் திறந்து சிரித்திருக்கிறார்கள். அன்றோடு சரி. காலை ஏழரையிலிருந்து சாயந்திரம் நாலரை வரை ஒன்பது வயசுப் பெண் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் குடித்தால்தானே பிரச்னை என்று தண்ணீரையும் நிறுத்திவிட்டது. மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, வயிற்றுவலி... அத்தனையும் நிஜம்! வீட்டில் சொல்ல வெட்கம். மிஸ்ஸிடம் சொன்னால் கிளாஸே சிரிக்கும். 'வயிறு வலிக்குது' என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே கௌரவமான வாக்கியம்.

நண்பர் மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போனார். சண்டை போடவில்லை. ஆபீஸ் ரூமில் சொன்னதற்கு, "மெயின்டனன்ஸ்காரர் வந்ததும் பார்க்கச் சொல்றோம் ஸார்" என்று வழக்கமான பதில். மனுஷன் நேராக ஹார்ட்வேர் கடைக்குப் போய்த் தாழ்ப்பாளும் ஸ்க்ரூவும் வாங்கி, ஒரு கார்பென்டரையும் கையோடு கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். "நீங்க அனுமதி கொடுத்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும் மேடம்." மேடம் சங்கடத்தோடு அனுமதி கொடுத்தார். பில்லில் தாழ்ப்பாள் 65 ரூபாய். ஸ்கேனுக்குக் கொடுத்தது ஆயிரத்து நானூறு.

வயிற்றுவலி உடனே மறைந்துவிட்டது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். மறையவில்லை. அடக்கிப் பழகிய வயிறு வழிக்கு வர, டாக்டர் கொடுத்த மருந்து, கீரை, பழம் எல்லாம் சேர்ந்து இரண்டு மாசத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் வேனில் ஏறும்போது அழுகை மட்டும் அந்த வாரமே நின்றது.

*

இதற்குப் பிறகு எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒரு கமிஷனே உட்கார்ந்தது. அவரவர் வீட்டுக் காரணங்கள் வெளியே வந்தன. ஒருவரின் பையனுக்கு வேனில் பின் ஸீட் பையன் தினமும் தலையில் குட்டுகிறான். இன்னொருவர் வீட்டில் தங்கச்சிப் பாப்பா பிறந்து இருபது நாள். தான் ஸ்கூலுக்குப் போனதும் அம்மா பாப்பாவை மட்டும் கொஞ்சுகிறாள் என்று மூத்தவனுக்குச் சந்தேகம் (நியாயமான சந்தேகம்தான்). வேறொரு பெண்ணுக்குப் புதன்கிழமை மட்டும் தலைவலி. புதனன்று எழுந்து நின்று சத்தமாக இங்கிலீஷ் ரீடிங் செய்ய வேண்டும். எழுத்தெல்லாம் இடம் மாறித் தெரிகிறதாம். அதற்குப் பார்க்க வேண்டிய டாக்டரே வேறு.

வாத்தியார் அடிக்கிறார் என்றால்? 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, குழந்தையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. போய்க் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கேட்ட மாத்திரத்தில் பேனாவை எடுத்துவிடாதீர்கள். ஆர்.கே.நாராயண் ஒரு கதை எழுதியிருக்கிறார். ஸ்வாமிநாதனுக்குத் திங்கட்கிழமைத் தலைவலி. அம்மா சரி என்றுவிட்டாள்; அப்பா விடவில்லை. தப்பிக்க வழி தெரியாமல், சாமுவேல் வாத்தியார் பயங்கரமாக அடிப்பார் என்று அளந்துவிட்டான். அப்பா உடனே ஹெட்மாஸ்டருக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதி அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். வழியெல்லாம் பையனுக்கு உறுத்தல், 'சாமுவேல் ஸார் அப்படியொன்றும் கெட்டவர் இல்லையே' என்று. கடிதத்தை நியாயப்படுத்தவாவது அவர் அடித்தால் தேவலை என்று கிளாஸில் அவரை வேண்டுமென்றே சீண்டி அடி வாங்குகிறான்! கடைசியில் ஹெட்மாஸ்டர் லீவு. கடிதத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய உதவி ஹெட்மாஸ்டர் யாரென்றால், அதே சாமுவேல். அந்த அப்பா கடிதம் எழுதச் செலவழித்த நேரத்தில் பாதியைப் பையனோடு பேசச் செலவழித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

பேசுவதிலும் ஒரு வித்தை இருக்கிறது. எதிரே உட்கார வைத்து, "சொல்லுடா, ஸ்கூல்ல என்ன பிரச்னை?" என்று கேட்டால் பதில் வராது. "ஒண்ணுமில்லை" என்பதுதான் வரும். போலீஸ் ஸ்டேஷனில் நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். நான் கண்டுபிடித்தது, பைக். பையனுக்கு ஹெல்மெட்டை மாட்டி, பின்னால் உட்கார வைத்து, மெதுவாக மளிகைக் கடைக்குப் போகிறேன். முகம் பார்க்க வேண்டியதில்லை. சிக்னலில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து தானாக வரும்: "அப்பா... லஞ்ச்ல என் கூட யாரும் உக்கார மாட்டேங்கறாங்க." பதிலுக்கு அறிவுரை சொல்லாமல், "அப்படியா?" என்று மட்டும் சொல்லிவிட்டு பச்சை விழுந்ததும் கிளம்பிவிட வேண்டும். அடுத்த சிக்னலில் மிச்சம் வரும். சென்னை டிராஃபிக்கால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இது.

ஒரு காரணமும் இல்லை, ஐயாவுக்குச் சும்மா ஒருநாள் வீட்டில் இருக்க ஆசை என்றும் இருக்கும். அப்போது செய்ய வேண்டியது சுலபம். நம்ப வேண்டும். முழுசாக நம்ப வேண்டும்! "உடம்பு சரியில்லையா கண்ணா? படுத்துக்கோ." படுக்கை, மிளகு ரசம் சாதம், கதவு லேசாகச் சாத்தல். டி.வி. கூடாது, கண்ணுக்குச் சிரமம். செல்போன் கூடாது, தலைவலி அதிகமாகும். சாயந்திரம் கிரிக்கெட் கூடாது, ஜுரம் திரும்பிவிடும். நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையனிடம் நோட்டு வாங்கி ஹோம்வொர்க். விளக்கெண்ணெய் வைத்தியம் வேண்டாம். திட்ட வேண்டாம். போரடித்தால் போதும். மறுநாள் நோயாளி உங்களுக்கு முன்னால் ஷூ மாட்டிக்கொண்டு நிற்பார்.

இந்தத் திட்டத்தைக் கவிழ்க்கக்கூடிய ஒரே சக்தி பாட்டி. என் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கும் வாரங்களில் என் மகனின் ஆரோக்கியம் கவலைக்கிடமாகிவிடும். படுக்கைக்கே சுட்ட அப்பளம், நெய் விட்ட பருப்பு சாதம், மடியில் தலை வைத்து ராஜா கதை, காலைப் பிடித்துவிடல். "பச்சைக் குழந்தையை வாட்டாதேடா" என்று எனக்கு டோஸ் வேறு. இந்த வசதியெல்லாம் கிடைத்தால் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்கச் சொன்னார் டாக்டர். ஒருநாள் இரண்டாகி, இரண்டு ஒரு வாரமாகிவிடக் கூடாது. உள்ளே பயம் இருக்கும் குழந்தைக்கு, வீட்டில் தங்கும் ஒவ்வொரு நாளும் ஸ்கூல் இன்னும் பெரிய பூதமாகிவிடும். டாக்டர்கள் 1941-லேயே இதற்கு 'ஸ்கூல் ஃபோபியா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. கேட்டைப் பார்த்ததும் நிஜமாகவே வியர்த்துக் கை நடுங்கும். முதல் நாள் அரை நாளாவது அனுப்பலாம். மிஸ்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, வாசலில் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகச் சொல்லலாம். அப்படியும் நடக்கவில்லையா, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வெட்கப்படாதீர்கள். பல்வலிக்குப் பல் டாக்டர் மாதிரிதான்.

அது இருக்கட்டும், இந்த ஜுரத்தை முதலில் நம் தலையில் ஏற்றியது யார் தெரியுமா? ஸ்கூலேதான்! லீவ் லெட்டர் எழுதச் சொல்லிக்கொடுக்கும் எந்த கிராமர் நோட்டையும் புரட்டுங்கள். 'ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' காலகாலமாக அதே ஃபீவர். சுளுக்கோ, மனக்கஷ்டமோ, பாட்டி ஊருக்குப் போகிறாளே என்ற துக்கமோ வந்ததாக ஒரு மாடல் லெட்டர்கூட நான் பார்த்ததில்லை.

போன மாசம் என் மகன், பாட்டியை எக்மோரில் ரயில் ஏற்றிவிட்டு வந்த மறுநாள், "இன்னிக்குப் போகலைப்பா" என்றான். வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. நெற்றியைத் தொட்டுக் காட்டவில்லை. சும்மா சொன்னான். சரி என்றுவிட்டேன். டயரியில் லீவ் லெட்டர் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: 'பாட்டி ஊருக்குப் போய்விட்டதால் மகன் வருத்தமாக இருந்தான். எனவே நேற்று வரவில்லை.'

மறுநாள் மத்தியானம் ஆபீஸுக்கு போன் வந்தது. கிளாஸ் மிஸ்.

"லெட்டர் பார்த்தேன் ஸார். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா ரெஜிஸ்டர்ல காரணம் போடணுமே... ஃபீவர்னு போட்டுக்கட்டுமா?"